ஓயாத தமுக்கு

கலவையிலிருந்து ஆற்காடு சென்று பாலாற்றைக் கடந்தால் இராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலால் இன்று நாடறிந்த ஊர். அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு பெண் மகவு பிறந்தது. அமெரிக்க நாட்டிலிருந்து வந்து இங்கே மருத்துவப் பணி புரிந்த ஜான் ஸ்கடரின் மகள் அவர்; பெயர் ஐடா. மருத்துவராக வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்ததில்லை. பஞ்சத்தையும் பிணியையும் பிஞ்சு வயதிலே பார்த்தவர் ஆகையால், இந்நாட்டில் வாழவே அவர் விரும்பவில்லை. தாய் நோயுற்றார் என்பதற்காகவே, 1890-ஆம் ஆண்டில் படிப்பை முடித்துக்கொண்டு திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு. கதவு தட்டப்பட்டது, ஒரு முறையன்று, மூன்று முறை. வந்தவர் மூவர்: ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பேறுகால வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. மூவரும் மறுத்தனர். ஆடவர் ஒருவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதா? மானம் என்னாவது? மதம் என்னாவது? வணங்கும் தெய்வம் வேறு, வாழும் தெரு வேறு, உண்ணும் உணவு வேறு. எனினும் பெண்ணைச் சாக விடுவதிலே மட்டும் மூவரும் ஒரே மதத்தினராக இருந்தனர்! பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் மாண்டனர்.

அவர்களைக் கொன்றது பிள்ளைப்பேறு என்று எழுதி வைத்தால் அது பாதி உண்மை. பெண்ணின் உடல் பேசப்படக் கூடாதது, பார்க்கப்படக் கூடாதது என்று பல நூறு ஆண்டுகளாகக் கட்டிக் காத்த முறைமை அன்று மூன்று உயிர்களை வாங்கிற்று. ஐடா கடல் கடந்தார், மருத்துவம் கற்றார், 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், 1900-இல் வேலூர் திரும்பினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மகளிர் மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் செல்லும் சாலையோரத்தில், மர நிழலிலே வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு ஆறாண்டு முன்னரே, 1912-இல், முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்திருந்தார். பேறுகால அறையின் பூட்டு உடைந்தது.

ஆனால் இன்னொரு பூட்டு இருந்தது. அது இன்றும் முற்றாக உடைபடவில்லை.

மாதந்தோறும் வரும் மூன்று நாட்கள்! தூரம் என்பார்கள், வீட்டு விலக்கு என்பார்கள், தீட்டு என்பார்கள். தனிப் பாய், தனிக் குவளை, திண்ணை மூலை. பூவைத் தொட்டால் வாடுமாம், ஊறுகாயைத் தொட்டால் கெடுமாம்! அந்த நாட்களில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சுருண்டு கிடந்தால், வலிக்கிறதா என்று கேட்க யார் அருகில் போவார்? போகக் கூடாது என்பதுதானே சட்டம்! எனவே அவ்வலிக்கு மருந்து இல்லை, பெயரும் இல்லை. “எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான்” என்ற ஒரு வாக்கியம் இருந்தது. “கல்யாணம் ஆனால் சரியாகும்” என்பது அடுத்த வாக்கியம். கல்யாணமும் ஆகிச் சரியாகவில்லை என்றால், “ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்” என்பது மூன்றாவது.

எல்லாப் பெண்ணுக்கும் உள்ள வலி ஒன்று உண்டு. எல்லாருக்கும் இல்லாத, நோயால் வரும் வலி வேறொன்று உண்டு. பின்னதன் பெயர்களுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்மையான உட்படலம், மாதந்தோறும் தடித்துப் பின் உதிர்ந்து உதிரமாய் வெளியேறுவது. அந்தப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மேலும், குடலின் மேலும், வயிற்றறையின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு வளர்வதே இந்நோய். அதுவும் மாதந்தோறும் தடிக்கும், கசியும். ஆனால் வெளியேற வழி ஏது? உள்ளேயே தங்கிப் புண்ணாக்கி, வடுவாக்கி, உறுப்பையும் உறுப்பையும் பிணைத்து ஒட்டிவிடும். உலகில் பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர், தொகையில் சுமார் 19 கோடிப் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

வியன்னா நகரத்து நோய்க்கூறு அறிஞர் கார்ல் வான் ரோகிடான்ஸ்கி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்த இத்தகைய திசுவை 1860-இல் விவரித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்தவர்க்குத் தெரிந்தது, உயிருள்ள பெண்ணின் வலியோடு அதை இணைத்துப் பார்க்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. இணைத்தவர் ஜான் சாம்ப்சன். நியூயார்க் மாநிலத்தின் அல்பனி நகரத்து மகளிர் மருத்துவர். சூலகத்தில் பழுப்புக் குழம்பு நிறைந்த கட்டிகளைக் கண்டார். பழைய உதிரம் தேங்கிக் கறுத்த குழம்பு அது. சாக்லேட் கட்டிகள் என்று பெயரிட்டு 1921-இல் எழுதினார். அடுத்த ஆண்டில்தான் வேலூரில் ஐடாவின் பள்ளியில் சேர்ந்த முதல் அணி மாணவியர் படிப்பை முடித்து வெளிவந்தனர்.

சாம்ப்சன் செய்த ஒரு காரியத்தை நம்மவர் கருதிப் பார்க்க வேண்டும். கட்டிகள் உதிரம் கசிவதைக் கண்ணால் காண வேண்டுமென்று, மாதவிலக்கு நாட்களிலேயே அறுவை செய்து பார்த்தார் அவர். நாம் தீட்டென்று தள்ளி வைத்த நாளையே ஆய்வுக்கு ஏற்ற நாளென்று தேர்ந்தெடுத்தார்! நாம் முகம் சுளித்த உதிரத்தை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உண்மை அங்கேதான் இருந்தது. மாதவிலக்கின்போது உதிரத்தில் ஒரு பகுதி வெளியே வராமல், கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கி ஓடி வயிற்றறைக்குள் கொட்டுகிறது; அதில் மிதக்கும் படலத் துணுக்குகள் அங்கே வேரூன்றுகின்றன என்று 1927-இல் எழுதினார். நோய்க்கு இன்றுள்ள பெயரும் அவர் இட்டதே.

செருமனியின் ராபர்ட் மேயர் இதை ஏற்கவில்லை. துணுக்கு எங்கிருந்தும் வரவில்லை, வயிற்றறையின் படலமே அழற்சியின் தூண்டுதலால் உருமாறுகிறது என்பது அவர் கட்சி. இருவருக்கும் நடந்த வாதம் நீண்டது. மேயர் யூதர், இட்லரின் இனவெறி அவரைத் தாய்நாட்டை விட்டுத் துரத்திற்று, 1939-இல், எழுபதைக் கடந்த வயதில், அமெரிக்காவுக்கு. அவருடைய கொள்கை அப்படியே நிலைக்கவில்லை. எனினும் அழற்சி என்று அவர் சொன்ன சொல் வீண்போகவில்லை.

சாம்ப்சன் கொள்கைக்கு ஓர் இடர் காத்திருந்தது. 1984-இல் ஹால்மே முதலிய அமெரிக்க மருத்துவர்கள், கருக்குழாய் அடைபடாத பெண்களின் வயிற்றறை நீரை மாதவிலக்கு நாட்களில் எடுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் உதிரம் இருந்தது! பின்னோக்கிய ஓட்டம் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் உண்டு. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான். விதை எல்லா நிலத்திலும் விழுகிறது, சில நிலத்தில் மட்டும் முளைக்கிறது என்றால் விதையை மட்டும் ஆராய்ந்து பயனென்ன? நிலத்தையல்லவா ஆராய வேண்டும்!

அந்த நிலத்தின் இயல்பு விளங்க, அழற்சியின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். செம்மை, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கும் அதன் அடையாளங்கள் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோம நாட்டுச் செல்சஸ் எழுதினார். அடையாளம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், ருசிய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன. அவையே விழுங்கணுக்கள், உடலின் காவலர்கள். அதற்காக 1908-இல் அவருக்கு நோபெல் பரிசு.

காவலர்களை அழைத்தது யார்? நம் வட்டாரத்து ஏரிகளை அறிந்தவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். மழைக்காலத்து இரவில் ஏரிக்கரையில் உடைப்புக் கண்டால் தமுக்கு அடிப்பார்கள். ஊரே மண்வெட்டியோடும் கூடையோடும் ஓடி வரும், உடைப்பை அடைக்கும், தமுக்கு நிற்கும், ஊர் வீடு திரும்பும். உடலில் அத்தமுக்கின் ஓசை சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்கள். ஓர் உயிரணு அவற்றை வெளியிடும். மற்றோர் உயிரணு தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியால் அவற்றை வாங்கும். வாங்கிய செய்தி உயிரணுவின் உட்கரு வரை செல்லும். செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்வோருள் முதன்மையான ஒன்று, என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம். அதை 1986-இல் அமெரிக்காவில் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவர் ரஞ்சன் சென் என்னும் நம் இந்திய அறிஞர். அமைதிக் காலத்தில் இப்புரதம் கட்டுண்டு கிடக்கும். தமுக்கு கேட்டால் கட்டறுத்து உட்கருவில் நுழைந்து, அழற்சிக்குரிய மரபணுக்களை முடுக்கிவிடும். வேலை முடிந்ததும் மீண்டும் கட்டுண்ணும். நலமுள்ள உடலில் நடப்பது அது.

எண்டோமெட்ரியோசிஸ் உற்ற பெண்ணின் வயிற்றறையில் நடப்பது என்ன? தமுக்கு நிற்பதில்லை. ஒட்டிக்கொண்ட திசு, எம்.சி.பி-1 முதலிய அழைப்புப் புரதங்களை வெளியிடுகிறது, விழுங்கணுக்கள் திரள்கின்றன. ஆனால் திரண்டவை விழுங்குவதில் மந்தமாகிவிடுகின்றன. கூவுவதில் மட்டும் குறைவில்லை! இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, டி.என்.எஃப். ஆல்பா என்று அவை வெளியிடும் செய்திகள் மேலும் மேலும் விழுங்கணுக்களை அழைக்கின்றன. வி.இ.ஜி.எஃப். என்னும் மற்றொரு புரதம் புது இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்து, வந்தேறிய திசுவுக்குச் சோறு போடுகிறது. ஒவ்வொரு மாதமும் கசியும் உதிரத்தின் இரும்பு அங்கேயே தேங்கி, என்.எஃப். கப்பா-பியைக் கட்டறுத்தபடியே வைத்திருக்கிறது. உடைப்பை அடைக்க வந்த ஊரார், கரையை வெட்டி வாய்க்கால் போட்டுக் கொடுத்த கதைதான்!

இதனினும் கொடிய சுழல் ஒன்று உண்டு. அழற்சியின்போது காக்ஸ்-2 என்னும் நொதி, புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. கருப்பையைச் சுருக்கி வலி தருவது இதுவே. சுவீடன் அறிஞர் வான் ஆய்லர் 1935-இல் இதற்குப் பெயரிட்டபோது, ஆடவரின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதென்று கருதி அப்பெயரை வைத்தார். பெண்ணின் வலிக்குக் காரணமான பொருளுக்குக்கூட ஆணின் உறுப்பின் பெயர்தான் கிடைத்தது! ஆஸ்பிரின் இப்பொருளின் உற்பத்தியைத் தடுத்தே வலியைத் தணிக்கிறது என்று 1971-இல் மெய்ப்பித்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். வலி தருவதோடு அது நின்றால் குற்றமில்லை. 1990-களில் செர்தார் புலுன் முதலிய ஆய்வாளர்கள் காட்டியது இது: இயல்பான கருப்பை உட்படலத்தில் காணப்படாத அரோமட்டேஸ் என்னும் நொதியை, இடம் மாறிய திசுவில் புரோஸ்டகிளாண்டின் தூண்டிவிடுகிறது. அரோமட்டேஸ், ஈஸ்ட்ரஜன் என்னும் பெண்மைச் சுரப்பை அங்கேயே உண்டாக்குகிறது. ஈஸ்ட்ரஜன் திசுவை வளர்ப்பதோடு, காக்ஸ்-2 நொதியையும் பெருக்குகிறது. மீண்டும் புரோஸ்டகிளாண்டின், மீண்டும் அரோமட்டேஸ், மீண்டும் ஈஸ்ட்ரஜன். செக்கு மாடு சுற்றுகிறது. எண்ணெய்க்குப் பதில் வலி வடிகிறது.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமும் இத்திசுவில் மிகுந்திருக்கிறது. புது நரம்பிழைகளை அது வரவழைக்கிறது. ஆகவே வலி அவள் கற்பனையன்று. வலியை எடுத்துச் செல்லக் கம்பியே இழுக்கப்பட்டிருக்கிறது. அப்புரதத்தைக் கண்டறிந்தவர் ஒரு பெண் என்பது சொல்லத் தக்கது. இத்தாலியின் ரீட்டா லெவி-மொண்டால்சினி. முசோலினியின் 1938-ஆம் ஆண்டு இனச்சட்டம் அவரைப் பணியினின்று நீக்கியபோது, தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிமுட்டைக் கருக்களை வைத்து ஆய்ந்தவர். 1986-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

வரலாறு இவ்வளவு தெளிவாக இருக்கிறது. நம் வீடுகளிலோ? வலி தொடங்கி நோயின் பெயர் தெரிவதற்குப் பல நாடுகளில் சராசரியாக ஏழாண்டுகள் வரை ஆகின்றன என்பது ஆய்வுகள் தரும் செய்தி. பதினான்கு வயதில் தொடங்கிய வலிக்கு இருபத்தொரு வயதில் பெயர்! வகுப்பில் வருகைப் பதிவேட்டைக் கையாளும் எம் போன்றோர்க்குத் தெரியும்: மாதம் தவறாமல் இரண்டு நாள், மூன்று நாள் இடம் காலியாகும் மாணவியர் சிலர் உண்டு. காரணம் எழுதும் இடத்தில் காய்ச்சல் என்றிருக்கும். மாதம் தவறாமல், நாள் தவறாமல் வரும் காய்ச்சல் எந்த ஊரில் உண்டு?

நோயுற்ற பெண்களில் பலர்க்குக் கருத்தரிப்பதிலும் தடை நேர்கிறது. அழற்சியால் கருக்குழாய் ஒட்டிக்கொள்கிறது, சூலகம் பழுதுபடுகிறது. நாட்டார் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மலடி. நேர்த்திக்கடன், தொட்டில் கட்டுதல், மண்சோறு. அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி வேறு சொல்லி நகைப்பார்கள். அந்த அடிவயிற்றில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க மட்டும் அனுப்ப மாட்டார்கள். இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கப் போவார்கள்!

படித்தவரும் பணம் படைத்தவரும் நடத்தும் ஆலைகளில் நிலைமை மேலா? 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டின் ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களைக் கண்டு பேசினர். மாதவிலக்கு வலி என்று சொன்னால், பெயரோ உட்பொருளோ காலாவதி நாளோ குறிக்கப்படாத மாத்திரைகள் ஆலையிலேயே தரப்பட்டன என்றனர் அப்பெண்கள். தையல் எந்திரம் நிற்கக் கூடாது, அதற்காக மாத்திரை! ஆராய்ந்து பார்த்தபோது அவை இபுப்ரூஃபன் வகை வலிநீக்கிகள் என்று தெரிந்தது. ஜான் வேன் கண்ட வழியில், புரோஸ்டகிளாண்டினைத் தடுக்கும் மருந்துதான். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லித் தந்தால் அது நல்ல மருந்தே. ஆனால் அது தமுக்கின் ஓசையைக் குறைக்குமே தவிர, ஒட்டிய திசுவைக் கரைக்காது. வலி அடங்கியது போலிருக்க, உள்ளே வடு வளர்ந்துகொண்டிருக்கும். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்கூடங்களில் மேல்தோல் தைக்கும் ஆயிரமாயிரம் பெண்களும் நாள் முழுதும் இதே போன்ற எந்திரத்தின் முன்தான் அமர்ந்திருக்கிறார்கள். வேலையிடத்தில் மாத்திரை கிடைப்பது எளிது. மருத்துவரிடம் செல்ல ஒரு நாள் ஊதியத்தோடு விடுப்புக் கிடைப்பதே அரிது.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஈஸ்ட்ரஜனை அடக்கும் சுரப்பு மருந்துகள் உண்டு. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்தித் திசுவை அகற்றும் அறுவையும் உண்டு. அகற்றிய பின்னும் சிலர்க்குத் திரும்ப வருகிறது. அழற்சியின் செய்தியையே இடைமறித்தால் என்ன என்று எண்ணியோர், மூட்டழற்சிக்குத் தரும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்தைப் பெல்ஜியத்தில் சோதித்தனர். டி.என்.எஃப். ஆல்பாவைத் தடுக்கும் மருந்து அது. 2008-இல் முடிவு வந்தது: வலி குறையவில்லை. பத்துத் தமுக்குகள் முழங்கும் ஊரில் ஒன்றை மட்டும் பிடுங்கினால் ஓசை அடங்குமா?

சப்பானியர் விடவில்லை. 2023-இல் அவர்கள் இன்டர்லூக்கின்-8 என்னும் செய்தியைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்புரதம் ஒன்றைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். மனிதரைப் போலவே மாதவிலக்கும், தானாகவே இந்நோயும் காணும் குரங்கினம் அது. மாதந்தோறும் உதிரம் உண்டு, ஒதுக்கி வைக்கும் திண்ணை மட்டும் கிடையாது. கட்டிகள் சுருங்கின, வடுவும் குறைந்தது. அதே ஆண்டில் நகோயா பல்கலைக்கழகத்தார் மற்றொன்று கண்டனர். நோயுற்ற பெண்களில் நூற்றுக்கு 64 பேரின் கருப்பை உட்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் இருந்தது. நோயில்லாத பெண்களிலோ நூற்றுக்குப் பத்துப் பேரிடம்கூட இல்லை. நுண்ணுயிர் நுழைந்ததும் விழுங்கணுக்கள் டி.ஜி.எஃப். பீட்டா என்னும் செய்தியை அனுப்புகின்றன. அச்செய்தி கேட்ட உயிரணுக்கள் இயல்பு மாறிப் பெருகவும் நகரவும் ஒட்டவும் தொடங்குகின்றன. எலிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபோது கட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் குறைந்தன. அம்மருந்தைப் பெண்களிடம் சோதிக்கும் ஆய்வையும் நகோயா மருத்துவமனையின் மகளிர் பிரிவு தொடங்கிற்று.